ஹேண்டில்பாரை நம்ம உடம்புக்கு செட் பண்றது எப்படி?

போன செமஸ்டர் இன்டர்னல் தேர்வை நான் இடது கையால் எழுதினேன். நான் இடது கைக்காரன் இல்லை. வலது மணிக்கட்டில் மூன்று வாரம் கட்டு. மார்க் எவ்ளோன்னு கேக்காதீங்க.

காரணம், என் ரூம்மேட்டின் எக்ஸ்பல்ஸ் 200. பைக் மேல எந்தக் குற்றமும் இல்லை. அவன் உயரம் ஐந்தடி நாலு அங்குலம், நான் ஐந்தடி பதினொன்று. அவன் உட்கார்ந்து ஓட்ட வசதியா ஹேண்டில்பாரைப் பின்பக்கம் திருப்பி, லீவர்களைக் கிட்டத்தட்ட தரைக்கு இணையாக வைத்திருந்தான். அதை அப்படியே எடுத்துக்கிட்டு ஏரிக்கரை செம்மண் பாதையில் நான் நின்று ஓட்டினேன். கரையிலிருந்து கீழே இறங்குற சரிவில் வேகம் கொஞ்சம் கூடிவிட்டது. பிரேக் பிடிக்கப் போனேன், பைக் இன்னும் வேகமாகப் போனது. அடுத்த நொடி கருவேலம் புதருக்குள் இருந்தேன்.

பிரேக் பிடிக்கப் போனா எப்படி வேகம் கூடும்? கட்டோட படுத்திருந்த மூணு வாரமும் இதைத்தான் யோசிச்சேன். விடை ரொம்ப எளிது. நின்று ஓட்டும்போது நம்ம முன்கை மேலிருந்து கீழ்நோக்கி வருது. லீவர் தரைக்கு இணையா இருந்தா, விரலை அதன் மேல் போட மணிக்கட்டைக் கீழே இறக்கித்தான் ஆகணும். அந்தக் கைக்குள் இருப்பது ஆக்சிலரேட்டர் கிரிப். மணிக்கட்டு கீழே இறங்கினால் கிரிப் நம்மை நோக்கி உருளும், அதாவது த்ராட்டில் திறக்கும். பிரேக்கைத் தேடிய அதே அசைவுதான் பைக்கை முன்னால் தள்ளியது.

அதனால்தான் இந்தக் கட்டுரை. ஆலன் கீ ஒன்றும் அரை மணி நேரமும் இருந்தால் போதும்.

முதலில் ஒரு விஷயம். ஆஃப்ரோடு பைக்கை உட்கார்ந்துகொண்டு செட் பண்ணாதீங்க. கரடுமுரடான பாதையில் முக்கியமான நேரமெல்லாம் ஃபுட்பெக் மேல நிக்கிற நேரம்தான். சமதளத்தில் முன்சக்கரத்தைச் சுவரில் முட்ட வைத்து, நண்பன் ஒருத்தனைப் பின்னால் பிடிக்கச் சொல்லுங்க. நிஜமாக ஓட்டும்போது போடும் ஷூவோடு ஏறி நில்லுங்க, ஏன்னா குதிகால் உயரம் கணக்கை மாற்றும். முட்டி லேசாக மடங்கியிருக்கணும், பார்வை நேராக. கண்ணை மூடி, கையைத் தூக்கி, இயல்பாக கிரிப் இருக்கும் என்று தோன்றும் இடத்தில் விடுங்க. கை எங்கே விழுதோ, அதற்கும் நிஜமான கிரிப்புக்கும் உள்ள தூரம்தான் நீங்க சரிசெய்ய வேண்டியது. பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. முதுகு கூன் விழுந்திருந்தால் ஹேண்டில்பார் தாழ்வு. முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தால் அது ரொம்பப் பின்னால் இருக்கு. முழங்கை கொஞ்சம் மடங்கி வெளிப்பக்கம் பார்த்தபடி இருப்பதுதான் சரி. குழியில் விழும்போது கையும் ஒரு சஸ்பென்ஷன்தானே!

இப்ப திருப்புற வேலை. கிளாம்ப் போல்ட்டுகளைக் கழற்ற வேண்டாம், பார் திரும்பும் அளவுக்குத் தளர்த்தினால் போதும். அதற்கு முன் பழைய இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கோங்க. பெரும்பாலான பார்களில் கம்பெனியே ஒரு புள்ளி குத்தியிருக்கும், அதையும் கவனிச்சு வைங்க. குழப்பம் வந்தால் ஒரு தொடக்க நிலை இருக்கு: பக்கவாட்டில் பார்த்தால், பாரில் மேலே எழும்பும் பகுதி முன் ஃபோர்க்குக்கு இணையாக இருக்கணும். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்க.

எவ்வளவு நகரும் என்பது நமக்குத் தெரிந்த கணக்குதான். கிளாம்ப் அச்சிலிருந்து கிரிப் 100 மி.மீ. மேலேயும் 50 மி.மீ. பின்னாலேயும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாரை 5 டிகிரி முன்னால் திருப்பினால், 5 டிகிரி என்பது 0.087 ரேடியன். ஆக கிரிப் சுமார் 9 மி.மீ. முன்னாலும் 4 மி.மீ. மேலேயும் போகும். கேக்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், ஆனா ஏறி நின்னு பாருங்க, வேற பைக் மாதிரி இருக்கும். ஆனால் திருப்பும்போது கிரிப்பின் கோணமும் மாறுது. முன்னால் திருப்பினால் கிரிப்பின் வெளிமுனை மேலே எழும், பின்னால் திருப்பினால் கீழே சாயும். அதிகமாகத் திருப்பி உயரத்தைச் சரிசெய்யப் பார்த்தால் மணிக்கட்டு கோணலாகும். திருப்புவது சின்னச் சரிசெய்தலுக்கு மட்டும்.

அதற்கு மேல் உயரம் வேணும்னா ரைசர். உயரமான ஆள் கடைக்குப் போனால் முதல் பதிலே 'ரைசர் போடுங்க தம்பி, எல்லாம் சரியாயிடும்' என்பதுதான். நானும் போட்டேன், பாதிதான் சரியாச்சு. ஏன் என்று வரைந்து பார்த்தபோதுதான் புரிந்தது. ஃபோர்க் நேராக நிற்பதில்லை, பின்னால் சாய்ந்திருக்கு. சாதாரண ரைசர் அந்தச் சாய்வின் வழியேதான் பாரைத் தூக்கும். சாய்வு 26 டிகிரி என்று வைத்தால், 30 மி.மீ. ரைசர் பாரை 27 மி.மீ. மேலே தூக்கும், கூடவே 13 மி.மீ. நம்மை நோக்கிக் கொண்டு வரும். உயரமான ஆளுக்கு வேண்டியது மேலேயும் முன்னாலேயும். கிடைத்ததோ மேலேயும் பின்னாலேயும்! திரும்பும்போது கிரிப் தொடையில் வந்து முட்டியது. முன்பக்கம் தள்ளிப் பொருத்தும் ரைசர்களும் கிடைக்கின்றன, வாங்கும் முன் அதைக் கேளுங்க. குள்ளமானவர்களுக்கு இந்தப் பிரச்சினையே வராது. அவர்களுக்குப் பெரும்பாலும் பார் மாற்றமே தேவைப்படாது, லீவரைச் சரியாக்கினாலே போதும்.

பாரின் அகலத்தைப் பற்றி ஒரு வரி: அறுத்தால் திரும்ப ஒட்ட முடியாது. முதலில் கிரிப்பை உள்ளே தள்ளி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க.

பாரை முடிவு செய்த பிறகுதான் லீவர். பார் திரும்பினால் லீவரும் கூடவே திரும்பியிருக்கும், அதனால் வரிசை முக்கியம். மறுபடி ஏறி நில்லுங்க. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வழியாக விரல் நுனி வரை ஒரே கோடு, அந்தக் கோட்டில் லீவர் இருக்கணும். தரையில் இருந்து பார்க்கிறவனுக்கு லீவர் ரொம்பக் கீழே தொங்குற மாதிரி தெரியும், பரவாயில்லை. உட்காரும்போதும் விரல் எட்டுதான்னு ஒரு தடவை பார்த்துக்கோங்க. அடுத்து, லீவரை உள்பக்கம் நகர்த்தி ஆள்காட்டி விரல் அதன் முனையில் வந்து உட்காரும்படி வைங்க. மொமென்ட் என்பது விசை பெருக்கல் தூரம், முதல் வருஷ மெக்கானிக்ஸ். முனையில் பிடித்தால் ஒரு விரலே போதும், மீதி விரல்கள் கிரிப்பை விடாமல் இருக்கும். லீவர் கிளாம்ப்பை மட்டும் முறுக்கித் தள்ளாதீங்க. கையால் பலமாகத் தட்டினால் லேசாக நகரணும். அப்போதான் விழும்போது லீவர் உடையாமல் சுழலும்.

பார் கிளாம்ப் இதற்கு நேர் எதிர், அது நகரவே கூடாது. பல பைக்குகளில் இது எம்8 போல்ட், 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் வாக்கில் வரும். ஆனால் உங்க பைக் மேனுவலில் என்ன எண் இருக்கோ அதுதான் சட்டம். சில பைக்கில் முன்பக்கத்தை இடைவெளி இல்லாமல் மூடிவிட்டுப் பின்பக்கத்தை முறுக்கணும், சிலதில் இரண்டு பக்கமும் சம இடைவெளி வரணும். அதையும் மேனுவலில் பாருங்க. லேப்ல டார்க் ரெஞ்ச் இருக்கு, லேப் அண்ணாகிட்ட பணிவா கேட்டா தருவார்.

கடைசியா ஒரு சோதனை, இதை மட்டும் விட்டுடாதீங்க. நியூட்ரலில் எஞ்சின் ஓடட்டும். ஹேண்டிலை இடது கோடி வரை, வலது கோடி வரை மெதுவாகத் திருப்புங்க. எஞ்சின் சத்தம் ஏறினால் த்ராட்டில் கேபிள் இழுபடுது, அந்த நிலையில் வளைவில் திரும்பினால் பைக் தானாகப் பாயும். பிரேக் ஹோஸ் இறுக்கமாக நிற்கிறதா, ஒயர் எங்காவது நசுங்குதான்னு அதே நேரத்தில் பாருங்க. ரைசர் போட்டவர்களுக்குத்தான் இது பெரும்பாலும் மாட்டும்.

இப்போது ரூம்மேட் பைக் பாரில் இரண்டு கோடுகள் இருக்கு. நீலம் அவனுடையது, சிவப்பு என்னுடையது. யார் சாவி எடுத்தாலும் ஆலன் கீயும் சேர்த்து எடுக்கணும். போன ஞாயிறு அதே சரிவில் இறங்கினேன். ஒரு விரலில் பிரேக், த்ராட்டில் அசையவே இல்லை. புதர் இன்னும் அங்கேயேதான் இருக்கு.