அதிர்வும் ஓசையும்

ஒலி அதிர்வினின்று பிறக்கின்றது என்பதை அறிவியல் பாடத்தில் பயின்றிருப்பீர்கள். இசைக்கவையைத் தட்டிக் கையிற் பிடித்தால் அதன் ஒலி மெல்லியதாகவே கேட்கும். அதன் காம்பை மேசைமீது ஊன்றினாலோ ஒலி அறை முழுதும் பரவும். மேசைப் பலகையும் உடன் அதிர்வதே இதற்குக் காரணம். வீணையின் குடம் தந்தியின் நுண்ணொலியைப் பெருக்குவதும் இவ்வாறேயாம்.

வேண்டிய இடத்தில் இன்பம் பயக்கும் இவ்வியல்பு, வேண்டாத இடத்தில் துன்பம் பயப்பதும் உண்டு. அமெரிக்க நாட்டில் மக்கள் பலர் விடுமுறை நாள்களில் வீட்டு வண்டிகளில் நெடும்பயணம் செய்வர். உண்ணவும் உறங்கவும் நீராடவும் இடம் அமைந்த வண்டிகள் அவை. அவற்றின் தொட்டியிலுள்ள நீரைக் குழாய்களிற் செலுத்துவது, 12 வோல்ட் மின்சாரத்தால் இயங்கும் சிறு பம்பு ஆகும். குழாயைத் திறந்தவுடன் நீரின் அழுத்தம் குறையும். பம்பு தானே இயங்கும். குழாயை மூடியவுடன் அழுத்தம் மிகும், பம்பு நின்றுவிடும். நள்ளிரவில் ஒருவர் ஒரு குவளை நீர் பிடித்தாலும், வண்டி கடகடவென்று ஒலித்து, உறங்குவோரை எழுப்பிவிடும்.

ஏறத்தாழ ஒரு சாண் நீளமே உள்ள பம்பு இத்துணை ஓசை எழுப்புவது எவ்வாறு? அதனுள் இருக்கும் சவ்வு விரைந்து அசைந்து, நீரை விட்டுவிட்டுத் தள்ளுகின்றது. அதனால் எழும் அதிர்வு, பம்பு பொருந்திய பலகை வழியாகவும், அதனோடு இணைந்த குழாய் வழியாகவும் பரவுகின்றது. மெல்லிய பலகை மேசையைப்போல் ஒலியைப் பெருக்குகின்றது. விறைப்பான குழாய் சுவரில் மோதி ஒலிக்கின்றது.

ஆதலின், அதிர்வு செல்லும் வழியை அடைத்தலே தக்க முறையாகும். பம்பை ரப்பர்க் கால்கள்மீது, தடித்த பலகையில் பொருத்துதல் வேண்டும். திருகாணிகளை மிக இறுக்கலாகாது. இறுக்கினால் ரப்பர் நசுங்கித் தன் நெகிழ்ச்சியை இழக்கும். பம்பின் இருபுறமும் ஏறத்தாழ ஒன்றரை அடி நீளமுள்ள நெகிழ்குழாயை இணைத்து, அதனைத் தளர்வாக வளைத்து விடுதல் நன்று. சுவர்த்துளையில் நுழையும் குழாய்களுக்கு நுரை ரப்பர் உறை இடலாம். அழுத்தக் காற்றடைத்த சிறு கலம் ஒன்றைக் குழாய்த் தொடரிற் சேர்த்தால், அக்காற்று நீரின் துடிப்பைத் தாங்கிக்கொள்ளும். பம்பு அடிக்கடி நின்று இயங்குவதும் குறையும். பம்பைத் துணியாற் போர்த்துதல் தகாது. வெப்பம் வெளியேறாமல் மோட்டார் கெடும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. குழாய்கள் யாவும் மூடியிருக்கவும் பம்பு இடையிடையே இயங்குமாயின், எங்கோ நீர் கசிகின்றது என்றோ, பம்பின் தடுப்பிதழ் பழுதுற்றது என்றோ உணர்தல் வேண்டும். கசிவைக் கவனியாது விட்டால் மரத்தளம் உளுத்துப்போகும். அங்கே ஓசை தொல்லையன்று, எச்சரிக்கை ஆகும்.

உங்கள் இல்லத்தில் மோட்டாரோ துவைக்கும் எந்திரமோ பேரோசை எழுப்பினால், அது எதனைத் தொட்டு நிற்கின்றது என முதலில் நோக்குங்கள். ஓசை பிறக்கும் இடத்தையும், பரவும் வழியையும், அது உணர்த்தும் செய்தியையும் அறிந்த பின்னரே அதனை அடக்க முயலுதல் அறிவுடைமையாகும்.