லாரி ஓட்டவும் பழகுவோம்



"லாரி ஓட்டணும்னு ஆசைதான். அஞ்சாவதோட நின்னுட்டேனே, லைசென்ஸ் குடுப்பாங்களா?" என்று குழுக் கூட்டத்தில் ஒரு சகோதரி கேட்டார். முன்பு எட்டாம் வகுப்பு கட்டாயம். 2019-ல் அந்த விதியை மத்திய அரசு நீக்கிவிட்டது. ஆனால் சாலைக் குறிகளைப் பழகியே ஆகணும், எல்.எல்.ஆர். தேர்வில் அதைத்தான் கேட்பார்கள்.

வழிமுறை இதுதான்:

1. 18 வயது முடிந்ததும் கார் ஓட்டும் உரிமம். எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் கழித்தே ஓட்டிக்காட்டும் தேர்வு.

2. அந்த உரிமம் பெற்று ஓராண்டு ஆகி, வயதும் 20 முடிந்திருந்தால் கனரக வாகனத்துக்கு எல்.எல்.ஆர். கேட்கலாம். மருத்துவச் சான்று வேண்டும்.

3. அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பள்ளியில் பயிற்சி பெற்று, படிவம் 5 சான்றிதழ் வாங்கணும்.

4. ஆர்.டி.ஓ. ஆபீஸில் தேர்வு. உரிமத்தை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கணும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். 20 வயது முடிந்தவர் கார் உரிமத்தை வைத்தே 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டி ஓட்டலாம் என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த எடை வண்டியும் சரக்கும் சேர்த்து. ஆபத்தான சரக்குக்கு இது பொருந்தாது.

"ஓட்டவே வேணாம், லைசென்ஸ் வாங்கித் தர்றோம்" என்பவரிடம் குழுக் கடன் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். அட்டை கைக்கு வரும். பிரேக் காலுக்கு வராது.

1993-ல் குமரி மாவட்டத்து வசந்தகுமாரி அரசுப் பேருந்து ஓட்டுநரானார். அடுத்து நம் குழுவில் யார்? கூட்டத்தில் பேசி முடிவெடுப்போம்.