வேரோடு கூடி வாழும் பூஞ்சணம்: வறட்சியிலும் உவரிலும் பயிருக்கு அதனால் ஆகும் உதவி

மானாவாரிக் குடியானவனை வருத்தும் பஞ்சங்கள் இரண்டு. ஒன்று கண்ணுக்குத் தெரிவது, அது மழையின்மை. மற்றொன்று கண்ணுக்குப் புலப்படாதது. மண்ணிலே சத்து இருந்தும் அது வேருக்கு எட்டாமற் போவது. இவ்விரண்டாவது குறையைத் தீர்க்கவே சங்கத்தில் கடன் பெற்றுச் சூப்பர் பாஸ்பேட் வாங்கப்படுகின்றது. அவ்வுரத்திலுள்ள மணிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அந்தப் போகத்துப் பயிருக்குக் கிட்டுவது அரிது. எஞ்சியது கரிசலில் சுண்ணாம்போடும், செம்மண்ணில் இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்து மண்ணிலேயே தங்கிவிடுகின்றது. கடனோ தங்குவதில்லை, வட்டியோடு திரும்பச் செலுத்தப்பட வேண்டியதாகின்றது. ஆகையால் மண்ணில் முடங்கிக் கிடக்கும் சத்தை வேருக்குக் கொண்டுவந்து சேர்க்கும் ஒரு வேலையாள் நிலத்திலேயே இருப்பானாயின், அவனைப் பற்றி அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது அவசியம்.

அவ்வேலையாள் ஒருவகைப் பூஞ்சணமாகும். பூஞ்சணம் என்றவுடன் குடியானவர்கள் அஞ்சுவது இயல்பே. துருநோயும், சாம்பல் நோயும், நாற்றழுகலும் அவ்வினத்தால் வருவனவே. ஆனால் இனத்தில் சிலர் திருடராயிருப்பதால் எல்லோரையும் திருடரென்று தள்ளுதல் நியாயமன்று. 1885-ஆம் வருஷத்தில் ஆல்பர்ட் பெர்ன்ஹார்டு பிராங்க் என்னும் ஜெர்மானியத் தாவர சாஸ்திரி, மரங்களின் வேரும் பூஞ்சணமும் ஒன்றோடொன்று பின்னி, இரண்டும் நன்மையடைந்து வாழ்வதைக் கண்டு, அக்கூட்டுக்கு ‘மைக்கோரைசா’ என்று பெயரிட்டார். கிரேக்க பாஷையில் அதற்குப் ‘பூஞ்சண வேர்’ என்பது பொருள். பயிர்களில் காணப்படுவது வேரின் உள்ளே புகுந்து வாழும் வகை. வேளாண்மை இலாகாவினர் இதனை ‘வேர் உட்பூசணம்’ என்றும், கடைக்காரர் ‘வேம்’ என்றும் வழங்குவர். இக்கூட்டு புதியதன்று. ஸ்காட்லாந்து தேசத்தில் ரைனி என்னுமிடத்துக் கல்லில், சுமார் 40 கோடி வருஷங்களுக்கு முற்பட்ட செடிகளின் திசுவிலேயே இதன் அடையாளம் பதிந்திருக்கின்றது. கூட்டுறவு என்பது மனிதர் கண்டுபிடித்ததென்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

இது வேலை செய்யும் விதம் பின்வருமாறு. மணிச்சத்து மண்ணில் எளிதில் நகர்வதில்லை. வேரானது தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூரத்திலுள்ளதை உறிஞ்சிவிட்டால், அப்பால் உள்ளது அதனிடம் தானாக வந்து சேராது. வேருக்குள் குடியேறிய பூஞ்சணமோ, வேர்த்தூவியினும் மெல்லிய இழைகளை வெளியே பல சென்டிமீட்டர் தூரம் செலுத்துகின்றது. அவ்விழைகள் திரட்டிய மணிச்சத்தும் துத்தநாகமும் வேரின் உயிரணுக்களுக்குள் வருகின்றன. அங்கே இழையானது சிறு மரம்போலப் பலவாகக் கிளைத்து நின்று, கொண்டுவந்ததைச் செடியிடம் ஒப்புவிக்கின்றது. இதற்குக் கூலியும் உண்டு. இலை சூரிய வெளிச்சத்தில் உண்டாக்கும் உணவில் நூற்றுக்கு 4 முதல் 20 பங்கு வரை இப்பூஞ்சணத்துக்குச் செல்வதாகக் கணக்கிட்டிருக்கின்றனர்.

வறட்சிக் காலத்தில் இவ்விழைகள் வேர் நுழைய முடியாத நுண்ணிய துவாரங்களிலும் புகுந்து, அங்கே ஒட்டியிருக்கும் ஈரத்தைத் தொடுகின்றன. மண் துகள்களைப் பின்னிக் கட்டுவதால் மண் பொலபொலப்பாகி மழை நீரை உள்ளே வாங்குகின்றது. பூஞ்சணம் பற்றிய செடி, இலைத்துளைகளைத் திறந்து மூடுவதிலும், வாடிய பின் தெளிவதிலும் மற்றதைவிடத் தேர்ச்சியுடையதாகப் பல பரிசோதனைகளில் காணப்பட்டது. உவர் நிலத்தில் சோடியம் மிகுந்து சாம்பற்சத்தை வேருக்கு எட்டவிடாது தடுக்கும். அங்கே பூஞ்சணம் பற்றிய வேர் சாம்பற்சத்தை அதிகமாகவும் சோடியத்தைக் குறைவாகவும் ஏற்பது வழக்கம். எனினும் ஒன்றை மறத்தலாகாது. ஈரமே அற்ற மண்ணில் இழை எதை உறிஞ்சும்? களருக்கு ஜிப்சமும் உவருக்கு வடிகாலும் செய்யும் வேலையைப் பூஞ்சணம் செய்துவிடாது.

இப்பூஞ்சணத்தை இழந்தால் நேருவது என்னவென்பதை வெளிநாட்டு அநுபவங்கள் இரண்டு விளக்கும். அமெரிக்காவில் எலுமிச்சை, ஆரஞ்சு நாற்றங்கால்களில் நோய்க்கிருமிகளை ஒழிப்பதற்காக மண்ணில் விஷப் புகை செலுத்திவந்தனர். கிருமிகள் மடிந்தன, நாற்றுகளோ வளராமல் வெளிறிக் குறுகி நின்றன. புகையில் நல்ல பூஞ்சணமும் மடிந்ததே காரணமென்று 1972-இல் கிளைன்ஷ்மிட், ஜெர்டிமான் என்னும் இருவர் நிரூபித்தனர்.

இரண்டாவது நமது கரிசலைப் போன்ற வெடிப்பு மண்ணில் நிகழ்ந்தது. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து மாகாணத்துக் குடியானவர்கள் ஈரத்தைச் சேமிக்கக் கருதி, ஒரு வருஷத்துக்கு மேலாகவும் நிலத்தைப் பயிரின்றித் தரிசாகப் போட்டுவைப்பதுண்டு. ஈரம் சேர்ந்தது. ஆயினும் பின்னர் விதைத்த சூரியகாந்தியும் மக்காச்சோளமும் மணிச்சத்தும் துத்தநாகமும் இல்லாதவை போல் சோர்ந்தன. உயிருள்ள வேரின்றி இப்பூஞ்சணம் பெருகாது. நெடுங்காலம் வேரே இல்லாமையால் அது குன்றிவிட்டதென்று தாம்ஸன் என்னும் ஆராய்ச்சியாளர் 1987-இல் எடுத்துக்காட்டினார். தண்ணீரைச் சேமிக்கப்போய், அதைப் பயன்படுத்த உதவும் துணையை இழந்த கதை இது.

ஆகவே முதற்காரியம், நிலத்தில் ஏற்கெனவே இருப்பதைக் காப்பதாகும். மழை கிடைத்தால் தரிசில் தட்டைப்பயறோ கொள்ளோ விதைத்து, மண்ணில் வேர் இருக்கச் செய்தல் நலம். அடிக்கடி ஆழ உழுதால் இழைகள் அறுபடும். மணிச்சத்து அளவுக்கு மிஞ்சினால் செடி பூஞ்சணத்துக்குக் கூலி கொடுக்க மறுத்து அதை விலக்கிவிடும். ஆதலால் மண் பரிசோதனைப்படியே உரம் இடுவது செலவுக்கும் சிக்கனம். கடுகு, முட்டைக்கோசு, முள்ளங்கி, பீட்ரூட், கீரைத்தண்டு ஆகியவை இப்பூஞ்சணத்தோடு சேராதவை. இவற்றுக்குப் பின் வரும் பயிருக்குத் துணை குறைவாயிருக்கக்கூடும். தண்ணீர் கட்டிய நெல் வயலிலும் இது செழிப்பதில்லை. வெங்காயம், மிளகாய், மரவள்ளி, சோளம், பயறு வகைகள், எலுமிச்சை ஆகியவையே இதனால் நன்கு பயனடைவன.

கடைப் பொட்டலங்களைப் பற்றிச் சங்கத்தார் ஜாக்கிரதையாயிருத்தல் வேண்டும். உரம் நன்றாகக் கிடைக்கும் கோதுமை நிலங்களில் இப்பூஞ்சணத்துக்காகக் குடியானவர் தனியே பிரயாசைப்பட வேண்டுமென்பதற்குச் சான்று குறைவென்று 2018-இல் ரயான், கிரஹாம் என்னும் ஆராய்ச்சியாளர் எழுதினர். பிறநாட்டுச் சோதனைகளில் வேரில் பற்றாத சரக்குகளும் பல அகப்பட்டன. இந்தியாவில் 1985-ஆம் வருஷத்து உரக் கட்டுப்பாட்டு உத்தரவில் இவ்வகை உரத்துக்கும் தர விதிகள் சேர்க்கப்பட்டுள்ளன. தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தொகுதி எண் இல்லாத பொட்டலத்துக்குச் சங்கப் பணத்தைக் கொடுப்பது தகாது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் கூறும் முறையில் சங்கமே இதைப் பெருக்கிக்கொள்ளலாம். ஒரு மீட்டர் நீளமும் அகலமும், 30 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள குழியில் கறுப்பு பாலிதீன் தாள் விரித்து, 50 கிலோ வெர்மிகுலைட்டும் 5 கிலோ சுத்திகரித்த மண்ணும் கலந்து நிரப்ப வேண்டும். மேற்பரப்பிலிருந்து சில சென்டிமீட்டர் கீழே ஒரு கிலோ தாய்வித்தைப் பரப்பி, மேலே மக்காச்சோளம் விதைக்க வேண்டும். 60 நாளில் செடிகளின் வேர்களை நறுக்கிக் கலவையோடு சேர்த்தால், சுமார் 55 கிலோ கிடைக்கும். நாற்றங்காலில் சதுர மீட்டருக்கு 100 கிராம் வீதம், விதைக்கு 2 அல்லது 3 சென்டிமீட்டர் கீழே இது இருக்க வேண்டும். முளைத்த வேர் இதைத் தொட்டாலன்றிப் பயனில்லை. மேலே தூவுவது வீண். ஒரு குழியின் சரக்கு 550 சதுர மீட்டர் நாற்றங்காலுக்குப் போதும் என்பதால், பல அங்கத்தினர்கள் பங்கிட்டுக் கொள்ளலாம். அக்கலவையை வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைத்திருந்து, அதே பருவத்தில் பயன்படுத்திவிட வேண்டும். ஒரு பாத்தியை மட்டும் இதை இடாமல் விட்டு, நாற்றுப் பிடுங்கும்போது இரண்டின் வேரையும் உயரத்தையும் ஒப்பிட்டுச் சங்கப் புத்தகத்தில் எழுதிவைத்தால், அடுத்த வருஷம் குழி வெட்டுவதா வேண்டாமா என்பதைக் கூட்டத்தில் தீர்மானிக்கலாம்.