பறிப்பதா, மெஷின் போடுவதா? கம்பி முடி நாய்களுக்கு ஒரு வழிகாட்டி

2025 பிப்ரவரியில் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த வெஸ்ட்மின்ஸ்டர் நாய்க் கண்காட்சியில் உச்சப் பரிசை மான்டி என்ற ஜயன்ட் ஷ்னாஸர் வென்றது. அந்த இனத்துக்கு அதுவே முதல் வெற்றி. அதே கண்காட்சியில் வயர் ஃபாக்ஸ் டெரியர் இனம் 15 முறை உச்சப் பரிசை வாங்கியிருக்கிறது. வேறெந்த இனமும் அதை நெருங்கவில்லை. இவ்விரண்டு இனங்களுக்கும் பொதுவானது, தடவினால் சொரசொரவென்று விரலில் உராயும் கம்பி முடி. அந்தச் சொரசொரப்பு மெஷினால் வருவதில்லை. முற்றிய முடியைச் சிட்டிகை சிட்டிகையாகப் பறித்தெடுக்கும் விரல்களால் வருகிறது.

நாயின் முடியைப் பிடுங்குவதா என்று கேட்பவர் மனம் பதறும். அந்தப் பதற்றம் நியாயமானதுதான். பொருந்தாத நாய்க்கு, பருவம் தப்பிச் செய்தால் அது வதை. பொருந்திய முடியில், உரிய நேரத்தில் செய்தால் நாய் அமைதியாக நின்றுகொள்ளும். சில நாய்கள் தூங்கியும் விடும். எந்த நாய்க்குப் பறிக்கலாம், எப்போது பறிக்கலாம், எப்போது தயக்கமில்லாமல் மெஷினை எடுக்கலாம் என்று தெரிந்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

முடிக்குள் என்ன நடக்கிறது?

நாயின் தோலில் ஒரே துளையிலிருந்து பல முடிகள் கிளம்புகின்றன. அவற்றில் தடித்தது மேல்முடி. அதைச் சுற்றியிருக்கும் மெல்லிய, பஞ்சு போன்றது அடிமுடி. ஒவ்வொரு முடியும் வளரும், நிற்கும், ஓய்வுக்குப் போகும், உதிரும். பெரும்பாலான நாய்களில் இது தானாக நடந்துவிடும். கம்பி முடி நாய்களிலோ, ஓய்வுக்குப் போன முடி முழுக்க உதிராமல் துளையிலேயே தொங்கி நிற்கும். கனிந்த பழம் காம்பில் நிற்பது போலத்தான். இலேசாக இழுத்தாலே கையோடு வந்துவிடும். காலியான துளையிலிருந்து புதிய முடி தடித்து, நிறம் செறிந்து முளைக்கும்.

மெஷின் போட்டால் கதை வேறு. பிளேடு மேல்முடியையும் அடிமுடியையும் ஒரே மட்டத்தில் வெட்டுகிறது. தடித்த, நிறமுள்ள நுனி போய்விடுகிறது. வெளிறிய, மெல்லிய அடிப்பகுதி துளையிலேயே தங்கிவிடுகிறது. சில முறை இப்படிச் செய்தால் உடம்பு கம்பளி போல மெத்தென்று ஆகிவிடும், நிறம் மங்கும், சேறும் ஈரமும் எளிதில் ஒட்டும். நாயின் உடல்நலம் இதனால் கெட்டுவிடாது. கெடுவது முடியின் தன்மை.

கம்பி முடிக்கும், கூடவே வரும் தாடி மீசைக்கும் காரணம் ஆர்.எஸ்.பி.ஓ.2 என்ற மரபணுவில் உள்ள மாற்றம் என்பதை 2009-இல் சயன்ஸ் இதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆகவே தீவனத்தாலோ ஷாம்பூவாலோ இந்த முடியை உருவாக்க முடியாது. பிறப்பில் இருந்தால் பராமரிக்கலாம், அவ்வளவுதான்.

எந்த நாய்க்கு எது?

பார்டர் டெரியர், வயர் ஃபாக்ஸ் டெரியர், ஏர்டேல், ஸ்காட்டிஷ் டெரியர், வெஸ்டி, ஷ்னாஸரின் மூன்று அளவுகள், கம்பி முடி டாஷ்ஹண்ட் ஆகியவை பறிப்பதற்கு உரியவை. பூடில், பிஷோன், மால்டீஸ், ஷிட்ஸு ஆகியவற்றின் முடி இடைவிடாமல் வளரும் ரகம். அவற்றுக்குக் கத்தரியும் மெஷினும்தான். டெரியர் என்ற பெயர் இருந்தாலும் பெட்லிங்டன், கெர்ரி புளூ, சாஃப்ட் கோட்டட் வீட்டன் ஆகியவற்றைப் பறிக்கக் கூடாது. பொமரேனியன், ஹஸ்கி, கோல்டன் ரெட்ரீவர் போன்றவற்றுக்கு இரண்டும் வேண்டாம். சீப்பும் பிரஷும் போதும். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நம் குட்டை முடி நாய்களுக்கு இந்தப் பேச்சே தேவையில்லை.

வீட்டில் பழக மிகவும் ஏற்றது பார்டர் டெரியர். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் சேரும் செவியட் மலைப்பகுதியில், குதிரைகளோடு ஓடி நரி வேட்டையாடிய நாய் இது. பிரிட்டனின் கென்னல் கிளப் 1920-இல் இதைத் தனி இனமாக ஏற்றது. தடித்த தோல், அடர்ந்த சொர முடி, நீர்நாயின் தலையை ஒத்த தலை. அலங்கார வெட்டு எதுவும் கிடையாது என்பதால் புதியவர் கைக்கும் இது அடங்கும். கீழே சொல்லும் படிகள் பார்டரை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை.

முதல் படி: முடி முற்றிவிட்டதா என்று பார்ப்பது

பார்டரின் முதுகு முடி நடுவில் வகிடு எடுத்தது போல இருபுறமும் பிரிந்து விழத் தொடங்கினால் முடி முற்றிவிட்டது. உறுதி செய்ய, தோள்பட்டைக்கு மேலே நாலைந்து முடிகளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்து, முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே இழுக்க வேண்டும். எதிர்ப்பில்லாமல் வந்தால் தொடங்கலாம். வராமல் அடம்பிடித்தாலோ, நாய் திரும்பிப் பார்த்தாலோ இன்னும் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும்.

இரண்டாம் படி: தயார் செய்தல்

குளிப்பாட்டக் கூடாது. குளித்த முடி மென்மையாகி விரலில் வழுக்கும். வழுக்காத ரப்பர் விரிப்புப் போட்ட மேசை, அகலப் பல் சீப்பு, பிடிமானத்துக்குச் சாக்குப் பொடி, விரலில் மாட்டும் ரப்பர் உறை, இவ்வளவே போதும். முடியைச் சீவிச் சிக்கெடுத்து, தோலில் புண், சிவப்பு, உண்ணி எதுவும் உண்டா என்று பார்த்துவிட வேண்டும். புண் இருந்தால் அன்றைக்கு வேலை இல்லை.

மூன்றாம் படி: பறித்தல்

கழுத்தின் பின்புறத்தில் தொடங்கி வாலை நோக்கி வர வேண்டும். ஒரு கையால் தோலை இறுக்கிப் பிடித்துக்கொள்வது முக்கியம்; தோல் கூடவே இழுபட்டால்தான் வலிக்கும். மறு கையால் நீளமான முடிகளின் நுனியை மட்டும் பிடித்து, முடி சாயும் திசையில், வெடுக்கென்று இழுக்காமல் ஒரே சீராக இழுக்க வேண்டும். மணிக்கட்டு அசையக் கூடாது. அசைவு முழங்கையிலிருந்து வரட்டும். ஒரு பிடியில் அதிகம் அள்ளினால் வேலை முடியாது, நாய்தான் துள்ளும்.

ஸ்ட்ரிப்பிங் கத்தி என்று கடையில் விற்பது பற்கள் கொண்ட ஒரு பிடிப்பான். பெயர் கத்தி என்றாலும் அது வெட்டக் கூடாது. முடியைக் கட்டைவிரலுக்கும் கத்தியின் பல்லுக்கும் நடுவில் பிடித்து இழுக்கத்தான் அது. மணிக்கட்டைத் திருப்பினால் முடி அறுபடும். அறுபட்டால் மெஷின் போட்டதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. புதிதாகப் பழகுபவர் முதலில் வெறும் விரலாலேயே செய்வது நல்லது.

முதுகு, விலா, தொடை முடிந்ததும் தலைக்கும் கால்களுக்கும் வரலாம். மேல்முடி போன இடத்தில் அடிமுடி மட்டும் உள்ளாடை போலத் தெரியும். பார்டருக்கு அதுதான் சரியான நிலை. அடிமுடி மிக அடர்த்தியாக இருந்தால் அதையும் சீப்பால் கொஞ்சம் வாரியெடுக்க, புதிய முடிக்கு இடம் கிடைக்கும்.

நான்காம் படி: பறிக்கக் கூடாத இடங்கள்

அடிவயிறு, தொடையிடுக்கு, பிறப்புறுப்பு, ஆசனவாயைச் சுற்றிய இடம் ஆகியவற்றில் தோல் மிக மெல்லியது. அங்கே கத்தரியோ மெஷினோதான். விரலிடுக்கு முடிக்குக் கத்தரி. காது மடலும் தொண்டையும் நாய்க்கு நாய் மாறும். முகம் சுளித்தால் விட்டுவிட வேண்டும். கண்காட்சிக்குப் போகும் மினியேச்சர் ஷ்னாஸரிலும் முதுகு பறிக்கப்படும், கன்னமும் தொண்டையும் மெஷினுக்கு விடப்படும். ஒரே நாயில் இரண்டு முறைகளும் சேர்ந்திருப்பது குறையல்ல.

ஐந்தாம் படி: நிறுத்தத் தெரிவது

முழு உடம்பையும் பறிக்க இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. அரை மணி நேரம் செய்து, தின்பண்டம் கொடுத்து, மறுநாள் தொடரலாம். ஒரு வாரத்துக்குள் முடித்துவிட்டால் புதிய முடி சீராக முளைக்கும். தோல் நன்றாகச் சிவந்தாலோ, நாய் நடுங்கினாலோ அன்றைய வேலை அங்கேயே முடிகிறது.

முடிந்த பிறகு சில நாட்களுக்குக் குளியல், காரமான ஷாம்பூ, கடும் வெயில் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். முதுகில் விடும் உண்ணி மருந்தை எப்போது போடலாம் என்று கால்நடை மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. சில வாரங்களில் புதிய முடி தலைகாட்டும். முழுமையாக மூட இரண்டு மூன்று மாதம் ஆகும்.

ஆண்டுக்கு இருமுறையா, மாதாமாதமா?

வீட்டில் வளரும் பார்டருக்கு ஆண்டுக்கு இரண்டு முறை முழுதாகப் பறித்தால் போதும். நாய் எப்போதும் ஒரே தோற்றத்தில் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் ரோலிங் முறையைக் கையாள்கிறார்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை தோலைச் சற்றே மடித்துப் பிடித்தால் நீட்டிக்கொண்டிருக்கும் முடிகள் தெரியும். அவற்றை மட்டும் எடுக்க வேண்டும். இப்படிச் செய்தால் வெவ்வேறு வயதுடைய முடிகள் அடுக்கடுக்காக இருக்கும், உடம்பு வெறிச்சென்று ஆகாது.

மெஷினே சரி என்னும்போது

வயது முதிர்ந்து தோல் மெலிந்த நாய், நோய்க்கு ஸ்டீராய்டு எடுக்கும் நாய், குஷிங் நோயுள்ள நாய், தோலில் தொற்றுள்ள நாய் ஆகியவற்றைப் பறிக்கக் கூடாது. கருத்தடை செய்த நாய்களில் முடி மெத்தென்றாகிப் பிடிவாதமாக நிற்பதுண்டு. அங்கும் மெஷின் நியாயமே. தொட்டாலே மிரளும் நாயிடம் அழகுக்காக மல்லுக்கட்டுவது அன்பாகாது.

மெஷினுக்கு முறை தலைகீழ்: முதலில் குளிப்பாட்டி, நன்றாக உலர்த்திச் சீவ வேண்டும். உடம்புக்கு 7எஃப் பிளேடு. அது சுமார் 3 மில்லிமீட்டர் முடியை விட்டுவைக்கும். வயிற்றுக்கு 10-ஆம் எண், அது 1.5 மில்லிமீட்டர். முடி சாயும் திசையிலேயே, அழுத்தாமல் ஓட்ட வேண்டும். அக்குளிலும் விலாவின் பின்மடிப்பிலும் தோலை விரித்துப் பிடிக்காவிட்டால் வெட்டுப்படும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை பிளேடைத் தன் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்து, எண்ணெய் விட வேண்டும். மெஷின் போடுவதற்கு முன்பும் பின்பும் நுண்பல் கத்தியால் அடிமுடியை வாரியெடுத்தால் நிறமும் தன்மையும் ஓரளவு காப்பாற்றப்படும். இதை குரூமர்கள் கார்டிங் என்கிறார்கள்.

ஏற்கெனவே மெஷின் போட்ட நாயைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியுமா? பல நாய்களில் முடியும். பல மாதம் வளரவிட்டு, முற்றியதை மட்டும் பகுதி பகுதியாகப் பறிக்க வேண்டும். இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகுதான் கம்பி முடி திரும்பும். சிலவற்றில் திரும்பாமலும் போகலாம்.

கடைக்கு அழைத்துச் செல்பவர் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும்: விரலாலா, கத்தியாலா? எவ்வளவு நேரம் ஆகும்? நாய் எதிர்த்தால் நிறுத்துவீர்களா? அரை மணியில் முடித்துத் தருகிறோம் என்றால் அது பறிப்பாக இருக்க வாய்ப்பில்லை. வேலை முடிந்ததும் மேசையில் கிடக்கும் முடியைக் கொஞ்சம் எடுத்து வெளிச்சத்தில் பார்க்கலாம். பறித்த முடி ஒரு முனையில் தடித்தும், வேர் முனையில் மெலிந்து வெளிறியும் இருக்கும். முனை மழுங்கலாக, ஒரே மட்டமாக இருந்தால் அது வெட்டிய முடி. அடுத்த முறை வேறு குரூமரைத் தேடலாம்.