வழிநூல் எழுதும் மாணவருக்கு ஒரு பாயிரம்

முன்குறிப்பு, திறனாய்வு, எழுத்து நாகரிகம்: நடுநிலை, உயர்நிலை வகுப்புத் தமிழாசிரியர்களுக்கான ஒரு பாடக் கட்டுரை

படித்த கதை முடிந்த இடத்தில் மாணவர்களின் கேள்வி முடிவதில்லை. 'கர்ணன் தன் கவசத்தைக் கொடுக்காமல் இருந்திருந்தால்?', 'நந்தினி கடைசியில் எங்கே போனாள்?' என்று கேட்கிறார்கள். சிலர் அதற்கான விடையை நோட்டின் கடைசிப் பக்கத்திலோ அம்மாவின் கைப்பேசியிலோ எழுதியும் பார்க்கிறார்கள். பிறர் படைத்த பாத்திரங்களைக் கொண்டு புதிய கதை எழுதும் இந்தப் பழக்கத்தை இன்று ரசிகர் புனைவு என்கிறார்கள். 2022, 2023 ஆம் ஆண்டுகளில் 'பொன்னியின் செல்வன்' படத்தின் இரு பாகங்கள் வந்தபின், புத்தகத்தைத் தொடாத பிள்ளைகளுக்கும் குந்தவையும் வந்தியத்தேவனும் பழகிய பெயர்களாகிவிட்டார்கள்.

எழுதச் சொன்னால் தயங்கும் மாணவர் தாமாகவே எழுத வரும் இடம் இது. அதை வகுப்புக்குள் கொண்டுவரும்போது இரண்டு இடர்கள் நேரலாம். ஒருவர் தம் கதையை உரக்கப் படிக்கிறார். அதில் ஒரு தற்கொலையோ குடித்துவிட்டு அடிக்கும் தந்தையோ வருகிறார். கேட்டுக்கொண்டிருக்கும் இன்னொரு பிள்ளைக்கு அது நேற்று வீட்டில் நடந்ததாக இருக்கலாம். அடுத்தது, படித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து எழும் 'இதெல்லாம் ஒரு கதையா?' என்ற சிரிப்பு. அதன்பின் அந்தப் பிள்ளை எழுதாமலே போய்விடக்கூடும். கேட்பவரையும் எழுதுபவரையும் ஒருசேரக் காக்கும் முறை நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. அதன் பெயர் பாயிரம்.

வழிநூல் என்னும் பழைய ஏற்பாடு

பவணந்தி முனிவரின் நன்னூல் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூன்றாகப் பிரிக்கிறது. முன்னோர் நூலின் முடிவோடு பெரிதும் ஒத்துச் சென்று, தான் வேண்டும் வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்வது வழிநூல். சிறிதே ஒத்து, பெரிதும் வேறுபடுவது சார்புநூல். தொல்காப்பிய மரபியல் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக வகுக்கிறது. இன்னொருவர் கதையை எடுத்து எழுதுவது திருட்டாகுமோ என்று தயங்கும் மாணவருக்கு முதலில் சொல்லவேண்டியது இதைத்தான். தமிழ் அதற்கு ஒரு பெயரும் இடமும் கொடுத்திருக்கிறது. அதே நேரத்தில், மூலத்தை மறைக்கக்கூடாது என்ற கடமையையும் வைத்திருக்கிறது.

கம்பர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வடமொழியில் இக்கதையைச் செய்த மூவருள் முதல்வரான வான்மீகியைப் பின்பற்றுவதாக நூலின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகத் தம்மை உவமித்து அவையடக்கமும் பாடுகிறார். மூலத்தைச் சொல்லியும் அவையை வணங்கியும் நுழைந்தபின் அவர் எடுத்துக்கொண்ட உரிமை பெரிது.

உரைநடையிலும் இது தொடர்கிறது. கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1950 முதல் 1954 வரை தொடராக எழுதினார். கதை முடிந்தபின் 'இவர் என்ன ஆனார், அவர் என்ன ஆனார்' என்று வாசகர்கள் கேட்டதால், முடிவுரை ஒன்றும் எழுத வேண்டியதாயிற்று. பிற்பாடு விக்கிரமன் அக்கதையின் தொடர்ச்சியாக 'நந்திபுரத்து நாயகி' எழுதினார்.

புதுச்சேரியில் எழுதப்பட்ட ஒரு குறிப்பு

பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தார். 'பாஞ்சாலி சபத'த்தின் முதல் பாகம் அக்காலத்தில், 1912இல் வெளிவந்தது. அந்நூலுடன் அவர் எழுதிச் சேர்த்த உரைநடைக் குறிப்புகளை மாணவர்களோடு படித்துப் பாருங்கள். இது வியாசர் பாரதத்தைத் தழுவியது என்கிறார். கற்பனையில் தாம் சேர்த்தது குறைவு என்றும், தமிழ் நடை மட்டுமே தம் கணக்கில் வரும் என்றும் சொல்கிறார். திருதராட்டிரனைச் சூதில் விருப்பமில்லாத நல்லவனாகக் காட்டியிருப்பதையும், அவனைத் தீயவனாகக் கருதுவோரும் உண்டு என்பதையும், தம் சித்திரம் வியாசரை ஒட்டியது என்பதையும் வெளிப்படையாக வைக்கிறார்.

எது மூலம், எது என்னுடையது, எந்த இடத்தில் நீங்கள் என்னோடு மாறுபடலாம் என்ற மூன்றுக்கும் அதில் விடை இருக்கிறது. எட்டாம் வகுப்பு மாணவர் தம் கதைக்கு எழுதவேண்டிய குறிப்பும் இவ்வளவே.

'பிடிக்காமலும் போகலாம்'

புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' 1943இல் வந்தது. அகலிகை கதையின் மறுஆக்கம். இராமாயணம் பழகியவர்களுக்கு இந்தக் கதை பிடிபடாமலும், ஏன், பிடிக்காமலும்கூடப் போகலாம் என்று கதைக்கு முன்பே அவர் ஒரு குறிப்பு வைத்தார். அதைத் தாம் பொருட்படுத்தவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். வாசகரைத் தடுக்காமல், தம் கதையையும் நீர்த்துப்போக விடாமல், வருவதை முன்கூட்டிச் சொல்லிவிடுகிறார். எச்சரித்துவிட்டால் எழுத்தின் வேகம் குறைந்துவிடும் என்று வாதிடுவோருக்கு இக்கதையே பதில்.

வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் பிள்ளைகள் இதைக் கூத்துக் களத்திலும் கண்டிருக்கக்கூடும். கட்டியங்காரன் முன்னே வந்து என்ன கதை, யார் வருகிறார் என்று அவைக்குச் சொல்வான். குற்றம் குறை பொறுக்கும்படியும் கேட்டுக்கொள்வான். திரௌபதியின் துகில் உரியும் கட்டம் வரும்போது ஆட்டத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி வணங்கிவிட்டுத் தொடர்வது பல இடங்களில் வழக்கம். கொடுமையான காட்சியை விட்டுவிடுவதில்லை. அதற்கு முன் ஒரு நொடி நிற்கிறார்கள். அவையும் தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்கிறது. 'உங்கள் ஊர்க் கூத்தில் இப்படி எங்கே நிறுத்துவார்கள்?' என்று மாணவர்களைக் கேட்டால் பாடம் அங்கிருந்தே தொடங்கிவிடும்.

முன்குறிப்பு என்ன செய்யும், என்ன செய்யாது

உலகளவில் ரசிகர் புனைவுகளைச் சேர்த்துவைக்கும் 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்ற இணையக் காப்பகம் 2009இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. 2019இல் ஹ்யூகோ விருது பெற்றது. கடும் வன்முறை, முக்கியப் பாத்திரத்தின் சாவு, பாலியல் வன்கொடுமை, சிறார் சார்ந்த பாலியல் ஆகிய நான்கும் கதையில் உண்டா என்று அங்கே எழுதுபவர் முதலிலேயே குறிக்க வேண்டும். குறிக்க விரும்பவில்லை என்றால், 'குறிக்கவில்லை' என்பதையே சொல்லிவிட வேண்டும். எதுவும் வரலாம் என்று வாசகர் புரிந்துகொள்வார். இம்முறையை ஆசிரியர் அறிந்துகொண்டால் போதும். பெரியவர்களுக்கான எழுத்தும் அங்கே ஏராளம். முன்குறிப்பு வழிகாட்டும் பலகையே தவிர, பூட்டு ஆகாது. எனவே மாணவர்களை அங்கே அனுப்ப வேண்டாம்.

முன்குறிப்புக்கு எல்லையும் உண்டு. இத்தகைய எச்சரிக்கைகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, எச்சரிக்கை வாசகரின் மன உளைச்சலைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றும், படிப்பதற்கு முந்தைய பதற்றத்தைச் சற்றே கூட்டுகிறது என்றும் காட்டியது. ஆகவே இதை மருந்தாக எண்ண வேண்டாம். வகுப்பில் இதன் பயன் வேறு. பாட வேளையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து போக முடியாது. முன்கூட்டித் தெரிந்தால், 'இந்தக் கதைக்கு நான் நூலக மூலையில் இருக்கிறேன், ஐயா' என்று சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. அந்த வாய்ப்பைத் தராமல் எச்சரிக்கையை மட்டும் படிப்பது வெறும் சடங்கு. விலகி இருப்பவரிடம் காரணம் கேட்கவும் கூடாது.

'சொல்லிவிட்டால் கதையின் சுவை போய்விடுமே' என்று மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 'ஒரு சாவு வருகிறது' என்றால் போதும். யார், எப்படி என்பதைக் கதைக்கே விட்டுவிடலாம்.

நூலைச் சொல், ஆளைச் சொல்லாதே

நன்னூல் நூலுக்குப் பத்துக் குற்றமும் பத்து அழகும் சொல்கிறது. அந்தப் பத்தையும் பாருங்கள்: எல்லாமே எழுத்தின் குற்றங்கள். எழுதியவரின் அறிவு, குடும்பம், கையெழுத்து எதுவும் அதில் இல்லை. வகுப்புத் திறனாய்வுக்கு இதைவிட நல்ல விதி வேண்டியதில்லை. மாணவருக்கு எளிதில் பிடிபடும் நான்கை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

மாறுகொளக் கூறல்: முதல் பக்கத்தில் குதிரை ஏறத் தெரியாதவர் மூன்றாம் பக்கத்தில் குதிரையில் பாய்கிறார்.

மற்றொன்று விரித்தல்: ஓலை கொண்டுபோன கதை, நடுவில் விருந்துச் சாப்பாட்டு வருணனையாகிவிடுகிறது.

சென்று தேய்ந்து இறுதல்: பெரிதாகத் தொடங்கி, 'பிறகு எல்லாரும் நன்றாக இருந்தார்கள்' என்று முடிகிறது.

விளங்க வைத்தல்: இது அழகு. யார் பேசுகிறார், எங்கே நிற்கிறார் என்பது கேட்டவுடன் தெரிகிறது.

'கதை நல்லா இல்ல' என்பதைவிட 'இரண்டாம் பக்கத்துக்குப் பிறகு தேய்கிறது' என்பது எழுதியவருக்குப் பயன்படும், அவர் திருத்தலாம். ரசிகர் புனைவு எழுதுவோரிடையே இன்னொரு நல்ல வழக்கமும் உண்டு. எந்த வகைக் கருத்து வேண்டும் என்பதை எழுதியவரே முன்னால் சொல்லிவிடுகிறார். வெளியிடும் முன் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார். இரண்டையும் வகுப்பில் செய்ய முடியும்.

இரண்டு பாட வேளைகளுக்கான திட்டம்

முதல் வேளை: கூத்துக் கேள்வியில் தொடங்கி வழிநூல், பாயிரம் இரண்டையும் பத்து நிமிடத்தில் விளக்குங்கள். நன்னூலின் சிறப்புப் பாயிரம் கேட்கும் எட்டில் ஆக்கியோன் பெயர், வழி, நூற்பெயர், நுதலிய பொருள், கேட்போர் ஆகிய ஐந்தைக் கரும்பலகையில் எழுதுங்கள். 'வழி' என்பது மூலநூல். 'கேட்போர்' என்பது யாருக்காக எழுதப்பட்டது என்பது. பாடநூலில் உள்ள ஒரு கதையையோ கூத்தில் கண்ட ஒரு காட்சியையோ எடுத்து, ஒரு பக்கத்தில் மாற்றி எழுதச் சொல்லுங்கள்.

இரண்டாம் வேளை: இருவர் இருவராக நோட்டை மாற்றிக்கொள்ளட்டும். சிறப்புப் பாயிரத்தை நூலாசிரியரே எழுதுவதில்லை; அவருடைய ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோர் எழுதுவார்கள் என்பது நன்னூல் மரபு. அதன்படி, உடன் கற்றவரே தோழரின் கதைக்குப் பாயிரம் எழுதட்டும். பாயிரம் எழுத வேண்டுமென்றால் கதையை முழுதாகப் படித்தாக வேண்டும். சிரிப்பதற்கு முன் படிக்கும் பழக்கம் இங்கேதான் வருகிறது. முன்குறிப்பையும் கேட்க விரும்பும் கருத்தையும் மட்டும் எழுதியவரே சேர்க்கட்டும்.

ஒரு மாதிரி:

நூற்பெயர்: குந்தவையின் ஓலை
ஆக்கியோன்: மாணவர் பெயர், வகுப்பு
வழி: கல்கியின் 'பொன்னியின் செல்வன்'
மாற்றம்: மூலத்தில் இல்லாத ஓர் ஓலை. குந்தவை தன் தம்பிக்கு எழுதுகிறாள்.
நுதலிய பொருள்: துயரத்தை வெளியே சொல்ல முடியாத ஓர் அக்காள்
கேட்போர்: எட்டாம் வகுப்பும் அதற்கு மேலும்
முன்குறிப்பு: வீட்டில் ஒருவர் சாவதும் அழுகையும் வருகின்றன. இரத்தக் காட்சி இல்லை.
கேட்கும் கருத்து: ஓலையின் நடை குந்தவை பேசுவது போல இருக்கிறதா?

இவை முடிந்தபின், விரும்புவோர் மட்டும் உரக்கப் படிக்கலாம். கேட்பவர்கள் ஆளுக்கு ஓர் அழகும் ஒரு குற்றமும் சொல்லட்டும். கேட்ட கேள்விக்கு முதலில் விடை சொல்ல வேண்டும்.

ஆசிரியர் கவனத்துக்கு

பாத்திரங்களை வைத்து எழுதலாம். உடன் படிப்பவர், ஆசிரியர், ஊர்க்காரர், நடிகரின் சொந்த வாழ்க்கை ஆகியவற்றை வைத்து எழுதக்கூடாது. சாதிப் பெயரும் உடலைக் கேலி செய்வதும் 'கதைதானே' என்ற போர்வையிலும் நுழையக்கூடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கிறது. வகுப்பு நோட்டில் எழுதிப் பழகுவது வேறு, பிறர் பாத்திரங்களை வைத்து அச்சிட்டு விற்பது வேறு என்பதையும் சொல்லிவையுங்கள்.

மிக முக்கியமானது ஒன்று. கற்பனைப் பெயரில் ஒரு பிள்ளை தன் கதையையே எழுதியிருக்கலாம். அப்படி ஐயம் தோன்றினால் அந்தக் கதையை உரக்கப் படிக்கச் செய்யாதீர்கள். குற்றம், அழகு பார்க்கும் சுற்றிலும் வைக்காதீர்கள். தனியே, அவசரப்படுத்தாமல் பேசுங்கள். பாலியல் துன்புறுத்தல் நடந்திருப்பதாக அறிந்தால் போக்சோ சட்டம் 2012இன்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். குழந்தைகள் உதவி எண் 1098 வகுப்பறைச் சுவரில் இருக்கட்டும். பிள்ளை எழுதிய பக்கத்தை ஆசிரியர் அறையில் சுற்றுக்கு விடாமல் காப்பதும் எழுத்து நாகரிகத்தில் சேரும்.

பாரதியார் 'பாஞ்சாலி சபத'த்தை, இனிப் பிறந்து தமிழில் காவியம் செய்யப்போகும் கவிகளுக்கும் அவர்களுக்குத் துணைநிற்பவர்களுக்கும் காணிக்கையாக்கினார். அவர் அதை எழுதிய மண்ணில், ஏரிக்கரைப் பள்ளிகளில் இன்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருப்பவர்களும் அந்த வரிசையில் வரக்கூடும். அடுத்த வாரம் ஒரு பாட வேளை ஒதுக்கி, அந்தக் கடைசிப் பக்கத்தை முன்னே கொண்டுவரச் சொல்லுங்கள்.