அடி இறக்கமா? வெட்கம் வேண்டாம், வைத்தியம் உண்டு

"இருமினா, தும்மினா ஒண்ணுக்குச் சொட்டுது. குடம் தூக்கினா அடியில என்னமோ இறங்குற மாதிரி இருக்கு. யார்கிட்ட போய்ச் சொல்றது?"

பிள்ளை பெற்ற தாய்மார் பலர் இப்படியே வருஷக்கணக்கில் வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள். மயிலாப்பூர்ச் சந்தில் தண்ணீர் சுமப்பவளுக்கும், வயலில் நாற்று நடுபவளுக்கும் கஷ்டம் ஒன்றுதான்.

காரணம் என்ன?

கர்ப்பப்பை, மூத்திரப்பை, மலக்குடல் ஆகியவற்றை இடுப்பின் அடித்தசைகள் தூளிபோல் தாங்குகின்றன. பிரசவம், ஓயாத இருமல், மலச்சிக்கல், அதிக பாரம் இவற்றால் அந்தத் தூளி தளர்கிறது.

மருந்தில்லாத பயிற்சி

இதை 1948-ல் அமெரிக்க டாக்டர் ஆர்னால்டு கீகல் விளக்கி எழுதினார். காற்றை அடக்குவதுபோல் அடித்தசையை உள்ளே இழுத்து இறுக்குங்கள். ஐந்து எண்ணி விடுங்கள். ஐந்து எண்ணி இளைப்பாறுங்கள். வேளைக்கு 10 தடவை, தினம் 3 வேளை. மூச்சைப் பிடிக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது செய்யக் கூடாது.

"முதல் மாசம் ஒண்ணுமே தெரியலையே" என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. விடாதீர்கள். 3 மாதமாவது செய்தால்தான் பலன் தெரியும்.

வளையம்

கர்ப்பப்பை இறங்கியிருந்தால் டாக்டர் அளவு பார்த்து 'பெசரி' வளையம் வைப்பார். முதலில் பயமாக இருக்கும். அளவு சரியாக இருந்தால் அது இருப்பதே தெரியாது. சொன்ன தேதியில் போய்க் காட்டிச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். இது கருத்தடைச் சாதனம் அல்ல. காப்பர்-டி வேறு, இது வேறு.

கணவன்மார்களே!

குடத்தையும் மூட்டையையும் நீங்கள் தூக்குங்கள். மனைவி சொல்லும்போது முகம் சுளிக்காதீர்கள். கூடவே டாக்டரிடம் போங்கள்.

உடனே காட்ட வேண்டியவை

மூத்திரத்தில் ரத்தம், மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு, சிறுநீர் அடைப்பு, வளையம் வைத்தபின் கெட்ட வாடை. கஷ்டமான பிரசவத்துக்குப் பின் சிறுநீர் இடைவிடாமல் ஒழுகினால் பயிற்சி மட்டும் போதாது. டாக்டர் பார்த்தே ஆக வேண்டும்.

ஆண் டாக்டரிடம் காட்டக் கூசிய பெண்களுக்காகவே 1885-ல் டாக்டர் மேரி ஷார்லீப் முயற்சியால் சென்னையில் கோஷா ஆஸ்பத்திரி பிறந்தது. மயிலாப்பூருக்குப் பக்கத்தில், திருவல்லிக்கேணியில் இருக்கும் கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி அதுதான். உங்கள் ஊரில் முதலில் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். அவர் வழி காட்டுவார்.

சொன்னால் பாதி பாரம் குறையும். பயிற்சி செய்தால் மீதியும் குறையும்.