செயற்கை நாளத்தில் ஒத்திகை

கேள்வி: இரத்தநாள அறுவைச் சிகிச்சையைச் செயற்கைக் குழாய்களில் பழகிப்பார்ப்பதாகக் கூறுகிறார்களே, அவை உண்மையான நாளத்துக்கு ஈடாகுமா?

பதில்: முழுமையாக ஈடாகா, எனினும் பயில வேண்டியது எது என்பதைப் பொறுத்து அவையே போதுமானவை ஆகிவிடும். தமனிகளைக் கசிவின்றி இணைக்கும் முறையை 1902இல் வெளியிட்ட பிரெஞ்சு மருத்துவர் அலெக்சிஸ் காரல், வெட்டுமுனையின் வட்டத்தில் சம இடைவெளியில் மூன்று தையல்களை இட்டு இழுத்து, அதை முக்கோணமாக்கிப் பக்கம் பக்கமாகத் தைக்கும் வழியைக் காட்டினார். ஊசி எதிர்ச்சுவரையும் சேர்த்துக் குத்திவிடாமல் காக்கும் இந்தக் கைப்பழக்கத்துக்குச் சிலிக்கோன் குழாய் தாராளமாகப் போதும்.

மூளைத் தமனியின் சுவர் பலமிழந்து குமிழ்போல் புடைக்கும் அனியூரிசம் நோயிலோ, சாயமருந்து செலுத்தி எடுத்த சி.டி. ஆஞ்சியோகிராம் படத்தைக் கொண்டு அந்த நோயாளியின் நாளத்தையே முப்பரிமாண அச்சின் துணையால் உருவாக்கி, குமிழின் கழுத்துக்குள் கதீட்டர் எனும் நுண்குழாய் எந்த வளைவோடு நுழையும் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். இரத்தத்தின் பிசுபிசுப்புக்கு இணையாகக் கிளிசரின் கலந்த நீரைப் பம்பு துடிப்புத் துடிப்பாகச் செலுத்தும்.

சிலிக்கோனின் பெருங்குறை உரசல். கதீட்டர் ஒட்டிக்கொள்ளாதிருக்க அந்நீரில் சலவைத் திரவம் சேர்ப்பதும் உண்டு. உறைவித்து உருக்கித் தயாரிக்கப்படும் பாலிவினைல் ஆல்கஹால் கூழ்மம் மென்மையில் நாளத்தை நெருங்கினாலும், சுண்ணாம்பு படிந்த முதிய தமனி ஊசிபட்டதும் நொறுங்குவதை அதுவும் எளிதில் காட்டிவிடாது.